பல்லி நம்பிய காரணம்

கூடத்துச் சுவரின் விரிசலில் ஒரு பல்லி குடியிருந்தது. ஒருநாள் சாமான்களையெல்லாம் வெளியேற்றிவிட்டுச் சுவரை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்கள். பல்லிக்கு எதுவுமே சரியாகப் படவில்லை.

சன்னலில் கிடந்த பெயிண்ட் பிரஷ் அதைக் கூப்பிட்டது. "அக்கா, வெளியே வந்துடுங்க. அடுத்து பட்டி பூசி விரிசலை அடைக்கப் போறாங்க. உள்ளே மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்."

"அதை நீ எதுக்கு என்கிட்ட சொல்றே?"

"பாவமா இருக்கு, அதான்."

பல்லி இன்னும் உள்ளே தள்ளிப் படுத்துக்கொண்டது. முன்பின் தெரியாதவளுக்காக யாராவது பாவப்படுவார்களா? வீட்டைப் பிடுங்கத்தான் இந்த நைச்சியப் பேச்சு என்று நினைத்தது. பிரஷ் கெஞ்சிப் பார்த்தது, சத்தியம்கூடச் செய்தது. பல்லி அசையவில்லை.

வாசலில் பட்டி குழைக்கும் சத்தம் கேட்டது. பிரஷ் கொஞ்சம் யோசித்தது.

"சரி, உள்ளதைச் சொல்லிடறேன். நீங்க உள்ளேயிருந்து முட்டினா பட்டி பெயர்ந்து பெயிண்ட் கெட்டுடும். பிரஷ் சரியில்லைன்னு என்னைத்தான் தூக்கி எறிவாங்க. எனக்கு என் பிழைப்பு முக்கியம்."

"அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று பல்லி நிம்மதியாக வெளியே வந்து விட்டத்தில் ஏறிக்கொண்டது.

கீழே பட்டித் தகடு ஒரே இழுப்பில் விரிசலை மூடியது.