எங்கள் பேரில் ஒரு பவளம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடுமுன்பே போனில் எங்கள் பவளத்தைப் பார்த்தார்கள். கரையோரக் குடும்பம் ஒவ்வொன்றின் பேரிலும் கடலடியில் அரசாங்கம் ஒரு பவளப்பாறையை ஒதுக்கி, கேமராவும் வைத்திருக்கிறது. எங்களுடையது சுண்ணாம்பாக நின்றது.

"வெளுத்துல்லா போச்சு! படகு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"முடக்கிட்டாங்க. ஒரு மாசமா கரையிலதான் கெடக்கு." அப்பா தலைகுனிந்தார். பவளத்தைக் காப்பாற்றாத குடும்பத்துக்கு அதுதான் தண்டனை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பா தெனமும் முங்கிப் பாசியத் தொடச்சுதான் வச்சாரு. தண்ணி சூடாகி வெளுத்துச்சுன்னா கடலுக்கு விசிறி வீசவா முடியும்?"

"ஜெசிந்தா, சும்மா இரு" என்றார் அப்பா.

"பவளம் வெளுத்த வீட்ல எப்படிப் பொண்ணெடுக்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"உங்க வீட்டுப் பவளம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது?" மாப்பிள்ளை பெருமையாகச் சிரித்தார். "நான் அனல்மின் நிலையத்துல வேலை பாக்கேன். கடலுக்குச் சுடுதண்ணி தொறந்துவிடுற பிரிவு. எங்களுக்கெல்லாம் விலக்கு உண்டு."

அவர் கையிலிருந்த பஜ்ஜித் தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.