சாட்டில் மூன்று பேர்

கும்மிடிப்பூண்டி கல்லூரியில், தாக்குபவர்களிடமிருந்து சர்வரைக் காக்கும் மாணவர் போட்டி நடந்தது. ஒரே அணியின் மூவரும் தனித்தனி அறைகளில் இருந்தார்கள். டீம் சாட்டில் மட்டுமே பேசலாம். பூமிகா அதில் புதுப் பாஸ்வேர்டைப் போட்ட மறுநிமிடமே சர்வர் மறுபடியும் விழுந்தது.

“இன்னா பூமி, யார்கிட்டயாவது சொன்னியா?” என்று இஜாஸ் எழுதினான்.

“நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். இன்னொரு வாட்டி விழுந்தா அவுட்டு,” என்று பூமிகா பதில் போட்டாள்.

“மெம்பர் லிஸ்ட்டுல நாலு பேரு காட்டுதே!” என்றாள் ஜபீன்.

“அது கல்பனாக்கா, போன வருஷ கேப்டன்,” என்றாள் பூமிகா. “சாட்டை ஆரம்பிச்சவங்களையே எப்டி தூக்கறது? மரியாதையா இருக்குமா?”

அப்போது கல்பனாவே எழுதினாள்: “எல்லாத்தையும் படிச்சுக்கினுதான் இருக்கேன். இந்த வருஷம் நான் தாக்குற டீமு.”

பூமிகா உடனே அவளை நீக்கும் பட்டனை அழுத்தினாள்.

‘அட்மின் மட்டுமே நீக்க முடியும். அட்மின்: கல்பனா’ என்றது திரை.