இன்னும் சுருக்கணும்

"என்னம்மா இது? அப்ஸ்ட்ராக்ட் எழுதிட்டு வான்னா ஆதியோட அந்தமா எல்லாத்தையும் கொட்டி வச்சிருக்க!"

பேராசிரியர் ஜீவமணி தாளை மேசைமேல் விட்டெறிந்தார். முத்துச்சிப்பியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர்களில் அவரிடம் திட்டு வாங்காமல் பட்டம் வாங்கியவர் தூத்துக்குடியில் யாரும் கிடையாது. கிருபை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா என்று அவர் பேனாவையே பார்த்தாள்.

"முழு ஆய்வையும் படிக்க எவனுக்கு நேரமிருக்கு? இந்த ஒரு பக்கச் சுருக்கத்தைத்தான் படிப்பான். என்ன செஞ்ச, எப்படிச் செஞ்ச, என்ன கண்டுபிடிச்ச, அவ்வளவுதான். வள்ளத்துல போனவன் பாட்டுப் பாடுன கதையெல்லாம் இங்கன எதுக்கு?"

"அடிச்சிருதேன் சார்."

"அடிச்சா ஆச்சா? முடிவு எங்க? சிப்பி எதனால அழிஞ்சுதுன்னு ஒரு வரி இல்லையே!"

கேட்டது நியாயம்தான். நேற்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிள்ளைகூட அந்தத் தப்பைச் செய்யாது.

"வீட்டுக்காரர் என்ன பண்ணுதாரு?"

"அவரும் காலேஜ் வாத்தியார்தான் சார்."

"அப்ப அவர்ட்ட ஒருதடவ காட்டிட்டு வரவேண்டியதானே?"

"அவரு... என் முகத்தையே சரியாப் பாக்கிறதில்ல சார்." என்றாள் கிருபை.

"நல்ல மனுசன்தான், போ!" என்று சலித்துக்கொண்டார் ஜீவமணி.

பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போட்ட கையோடு 'கிளம்பு' என்று கதவைச் சாத்துவது அவர் வழக்கம். சரியில்லை என்றால் லேசில் விடமாட்டார், எதிரிலேயே உட்காரவைத்து எழுத வைப்பார்.

இரண்டு தடவை படித்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"இது தேறாது. இங்கனயே உக்காந்து முதல்ல இருந்து எழுது. பொழுது அடைஞ்சாலும் சரி, முடிக்காம நீ வாசலைத் தாண்டக்கூடாது."

கிருபைக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

சென்னையிலிருந்து மகள் ஈவாஞ்சலின். "அம்மா, இன்னைக்கும் உங்கள அடையாளம் தெரியாம யாருன்னு கேட்டு வெளிய போகச் சொல்லிட்டாங்களா?"

"இல்லளா... உங்கப்பா இன்னைக்கு என்னை வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டாரு."