ஆற்றோரச் சந்துக்குப் போன புள்ளி

அவன் மனைவி கணிதம் படித்துவிட்டுப் புவியியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். வெள்ளம் வந்தால் ஊர் எப்படித் தப்பும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் ஆராய்ச்சி. திரையில் ஆளுக்கொரு புள்ளி. எல்லாம் மேட்டுக்கு ஓட, அவள் சேர்க்காத ஒரு புள்ளி மட்டும் ஆற்றோரச் சந்துக்குப் போனது.

"அழிச்சிட வேண்டியதுதானே?" என்றான்.

"ஏன் போகுதுன்னு பாக்காம எப்படிங்க அழிக்கிறது?"

வேறு யாரும் இதற்கு இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே மறுநாள் அவளோடு போனான். சந்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு வீடு இருந்தது. ஒரு பெண் கதவைத் திறந்தாள்.

"வாங்கம்மா. தண்ணி வரும்னு நேத்து நீங்க சொன்னதுமே மூட்டை கட்டிட்டோம். மாமனாரைத்தான் தூக்கணும்."

நேற்று முழுக்க மனைவி அவனோடு வீட்டில்தான் இருந்தாள். இந்தச் சந்துக்கு வந்தது திரையில் அந்தப் புள்ளி மட்டும்தான். "கால் பக்கம் நீங்க பிடிங்க," என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

பெரியவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஆற்றுத் தண்ணீர் ஏறி வாசல்படி நனைந்திருந்தது.