பன்னிரண்டாம் பாகம் வெளிவந்த அன்று

காட்டில் கதை எழுதும் முள்ளம்பன்றி ஒன்று இருந்தது. விண்வெளியில் போர் செய்யும் எறும்புப் படையைப் பற்றி அது வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் பாகம் வெளிவந்த அன்றே குரங்கு அதைப் படித்துவிட்டு நேராக முள்ளம்பன்றியின் வீட்டுக்கு வந்தது. "புத்தகத்துல பாதிக்கு மேல தளபதிங்க உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்க. சண்டை எங்கப்பா? ஆறாம் பாகத்தோட உன் சரக்கு தீர்ந்துபோச்சு."

முள்ளம்பன்றியின் முகம் வாடியது. அதற்கே உள்ளுக்குள் இருந்த சந்தேகம்தான் அது. "சரி, இதோட நிறுத்திக்கிறேன்" என்றது.

குரங்கு திகைத்து நிற்கும்போதே, கூட வந்த முயல் குறுக்கிட்டது. அது முந்தைய பாகம் எதையும் படித்ததில்லை. "கடைசியில எல்லாரும் பொட்டுங்கிற ஒருத்தனை நினைச்சு அழறாங்களே, அவன் யாரு?"

குரங்கு கீழே உட்கார்ந்தது. "மூணாம் பாகத்துல வர்ற சமையல்காரன். கப்பல் தீப்பிடிச்சப்ப எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, கதவை உள்பக்கமா சாத்திக்கிட்டான்." கையிலிருந்த புத்தகத்தை அது மார்போடு அணைத்துக்கொண்டது. "அவனுக்கு ஒரு தங்கச்சி உண்டு. அண்ணன் போயிட்டான்னு அவளுக்கு இன்னும் தெரியாது. யாராவது போய்ச் சொல்லுவாங்கன்னு ஒவ்வொரு பாகத்துலயும் தேடுறேன்."

அப்படி ஒரு தங்கச்சியை எழுதியதையே முள்ளம்பன்றி மறந்திருந்தது. அது எழுந்துபோய்ப் புதுத் தாள் ஒன்றை எடுத்து வந்து குரங்கின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அவ எந்தக் கிரகத்துல இருக்கான்னு எழுதியிருந்தேன்?" என்று கேட்டது.