சுவரில் முட்டிய சக்தி

"கம்பி ரெண்டும் ஆடுது, நல்லா பாருங்கய்யா. மலையிலருந்து எறங்குற பூமி சக்தி நேரா உங்க தோட்டத்துக்குத்தான் வருது" என்றான் டாக்டர் ஸ்ரீதர்.

தணிகாசலம் நிமிர்ந்து நின்றார். ஹேங்கரில் தொங்க வேண்டிய வெள்ளைச் சட்டை காலையில் நாற்காலியில் கிடந்ததால் கசங்கியிருந்தது. முதுகு கசங்கவில்லை. திருத்தணி முருகன் சக்தியை அனுப்புவதென்றாலும் அதற்குத் தகுதியான வீடு வேண்டாமா?

"எங்க வம்சம் அப்பிடி. மேல சொல்லு."

கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக டாக்டர் நடந்தான். இரு கைகளிலும் வளைந்த பொன்னிறக் கம்பிகள். சென்னையிலிருந்து அவனை வரவழைத்தது தணிகாசலத்தின் மனைவி ரத்தினம்மாள்தான். போன் வீடியோவில் பார்த்தாளாம்.

"காஞ்சிபுரம், திருத்தணி, காளத்தி மூணும் ஒரே கோடுங்க. பழைய கோயிலுங்கள சும்மா கட்டல. பூமிக்குள்ள சக்தி ஓடுற தடத்துமேல கட்டிக்கினு போயிருக்காங்க."

தோட்டத்துக் கடைசியில், சுவரோரம் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

"அடடா. சக்தி இந்தச் செவுத்துல முட்டிக்கினு நிக்குதே. யாருங்க இதக் கட்டுனது?"

 அந்தப் பக்கம் பங்காளி பங்காருவின் வீடு. ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே என்று நான்கு வருடம் முன்பு தொடங்கிய சண்டை, செங்கல்லும் சிமெண்டுமாக எழும்பி நின்றிருந்தது. இருவரும் கட்டியது அக்கா தங்கையை. ரத்தினம்மாளும் பிரபாவதியும் மலைப்படியில் எதிரெதிரே வந்தாலும் பேசக் கூடாது என்பது உத்தரவு.

"இடிக்கணுமா?"

"ஆங். இப்பிடியே உட்டா வம்சத்துக்கு ஆவாது."

"நான் இடிச்சா அவன்கிட்ட தோத்தாப்பல ஆவும். தலையே போனாலும் முடியாது."

ரத்தினம்மாள் முந்தானையைக் கசக்கினாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"தோல்வி இல்லீங்க. யாரு கையால மொதல் செங்கல் உழுதோ, அவங்க ஊட்டுக்குத்தான் சக்தி மொதல் மரியாதை குடுக்கும்."

சுவருக்கு அப்பால் ஏதோ உருண்டது. பங்காரு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"பிரபா, கடப்பார எங்கடி?"

அவ்வளவுதான். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டித் தன் கடப்பாரையை எடுத்தார். அறுபத்தெட்டு வயது எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து. சுவர் நடுவில் வயிறு தள்ளி, பொலபொலவென்று சரிந்தது. எந்தச் செங்கல் முதலில் விழுந்தது என்பதை அந்த முருகனாலும் சொல்லியிருக்க முடியாது.

புழுதி அடங்கியபோது ஓட்டையின் இரு பக்கமும் மாவில் புரட்டியெடுத்த மாதிரி இரண்டு முகங்கள்.

"அண்ணே, தல முழுக்க வெளுத்துப்போச்சே உனுக்கு."

"சிமெண்டுடா. உன் மூஞ்சியப் போய் கண்ணாடில பாரு."

பங்காரு களுக்கென்று சிரித்தான். தணிகாசலம் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிரபாவதி செங்கற்களைத் தாண்டி வந்து, "பாவா, ஒரு வாய் காபி குடிங்க" என்று தணிகாசலத்திடம் சொல்லி முடிப்பதற்குள் அக்காவின் தோளில் விழுந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா, பிரித்துச் சொல்வது கடினம்.

டாக்டரைத் தெருமுனை வரை தணிகாசலமே வழியனுப்பப் போனார்.

"வரேங்கய்யா. சென்னை பஸ்ஸு..."

"பள்ளிப்பட்டு பஸ்ஸு எதிர்ல நிக்கும், அதுல ஏறு. நீ பள்ளிப்பட்டுல என் மாமியார் தெரு சாமிநாதன் புள்ளதானே? கண்ணாடி போட்டா உங்கப்பன் மூக்கு மறைஞ்சிடுமா?"

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றான்.

"பயப்படாதடா. நாலு வருஷமா நானும் இதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கினு இருந்தேன். அந்தக் கம்பி ரெண்டும் என் ஹேங்கர வெட்டுனதுதானே, குடுத்துட்டுப் போ, பழையபடி வளைச்சிக்கறேன். என் சட்டைங்க மாட்ட ஹேங்கர் இல்லாம கெடக்குது. எனக்கு எல்லாம் தெரியும்னு மட்டும் என் ஊட்டுக்காரிகிட்ட சொல்லிடாத, குடும்ப மானம் போயிடும்."