கையில் இரண்டு எட்டு

"கையில ரெண்டு எட்டு வந்தா நீ இன்னா பண்ணுவ?"

ஜெயசீலியிடம் ஒருமுறை ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதும் சரி, கப்பலில் வேலை பார்ப்பவனுக்குப் பேசி முடித்தபோதும் சரி, "நீ இன்னா பண்ணுவ" என்று அவளை யாரும் கேட்டதில்லை. அதனாலேயே அந்தக் கேள்வியும் மறக்கவில்லை, அதற்கான பதிலும் மறக்கவில்லை.

சீட்டாட்டத்தில் எட்டு ஜோடி பார்க்க அழகு. ஆனால் நடுத்தர ஜோடி. தரையில் சின்னச் சீட்டுகளாக விழுந்தால் அதுதான் பெரிசு. ராஜாவும் ராணியும் விழுந்து, மற்றவர்கள் பந்தயமும் கட்டிவிட்டால் அழகைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. சத்தம் போடாமல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

இன்றைக்கு அவள் இதெல்லாம் தெரியாதவள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து மழை. பீர்க்கன்கரணை ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்திருந்தது. கணவன் லாசரஸ் விடுப்பில் வீட்டில் இருந்தான். அவனோடு அதே கப்பலில் வேலை பார்க்கும் சுந்தர்சிங் குடையோடு வந்து சேர்ந்தான்.

சாப்பாட்டின்போது லாசரஸ் சிரித்துக்கொண்டே கேட்டான். "போன மழைக்கு உன்கிட்ட டேப்ரிக்கார்டர் குடுத்தனுப்புனனே, வாசல்லயே குடுத்துட்டு ஓடிட்டியாமே? தண்ணி கூட குடிக்கலயாம்?"

"ஆமா மச்சான்," என்றான் சுந்தர்சிங், எலும்பைக் கடித்தபடி.

பிறகு லாசரஸ் பாயை விரித்துச் சீட்டுக்கட்டை எடுத்தான்.

"ரெண்டு பேர் ஆடுனா தூக்கந்தான் வரும். சீலி, நீயும் உக்காரு. கப்பல் ஆட்டம். நான் சொல்லித் தரேன்."

ஏன் கூப்பிடுகிறான்? கல்யாணமாகி இத்தனை நாளில் சீட்டுக்கட்டைத் தொடக்கூட விட்டதில்லை.

பந்தயத்துக்குப் புளியங்கொட்டை கேட்டான். அவள் அடுக்களையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். கழுவித் துடைத்த கொட்டைகள். அவன் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான்.

"இன்னா, பாலீஷ் போட்டு ரெடியா வெச்சிக்கினு கீற?"

"பல்லாங்குழிக்குங்க."

"பல்லாங்குழிக் கட்டை எங்க?"

"பக்கத்து வூட்ல."

அவன் தலையாட்டினான். நம்பித்தான் தலையாட்டினானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆளுக்கு இரண்டு சீட்டு, கையில் மறைவாக. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பாயில் மல்லாக்க. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக. கையிலும் பாயிலும் சேர்த்துப் பெரிய ஜோடி யாருக்கோ அவருக்கு ஜெயம்; வேண்டாமென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு இரண்டு கொட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது, அதனால் யாரையும் மிரட்டி எழுப்பிவிட முடியாது. லாசரஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். "இதுல ஜோக்கர் எதுங்க?" என்று அவள் வேண்டுமென்றே கேட்டாள். உதவாத சீட்டையெல்லாம் கடைசிவரை வைத்திருந்து தோற்றாள்.

சுந்தர்சிங் பாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாடா, சபைல காணிக்கை போடுற மாதிரி ஒளிச்சி ஒளிச்சி வைக்கிற?" லாசரஸ் அவனைச் சீண்டினான்.

"சிஸ்டர் புதுசு இல்ல? பயந்துடுவாங்க."

சிஸ்டர் என்றதும் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த லாசரஸின் கை ஒரு கணம் நின்றது. அல்லது அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. அதற்குப் பிறகு அவள் சீட்டைப் பார்த்ததைவிட அவன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

அடுத்த கை வந்தது.

ஆட்டின் எட்டு. கிளாவர் எட்டு.

பாயில் ராஜா விழுந்தது. ராணி விழுந்தது. ஒரு நாலு விழுந்தது.

சுந்தர்சிங் இரண்டு கொட்டை வைத்தான். லாசரஸ் ஏற்றி நாலு வைத்தான். வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கை தன் பாட்டுக்குச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டது.

லாசரஸ் அதை எடுக்கக் கை நீட்டினான்.

"கவுத்து வெச்ச சீட்ட பாக்கக் கூடாது மச்சான்," என்றான் சுந்தர்சிங். குரல் கொஞ்சம் அவசரப்பட்டது.

லாசரஸ் புரட்டினான். இரண்டு எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேராக்கினான்.

"ஜோடிய கீழ வைக்கக் கத்துக்க எனுக்கு ஒரு வருசம் ஆச்சு சீலி. கப்பல்ல இவந்தான் தலதலயா அடிச்சிக்குவான், எட்டக் கட்டிக்கினு அழாதடா, எட்டக் கட்டிக்கினு அழாதடான்னு." அவன் குரல் உயரவேயில்லை. "நீ இன்னிக்குத்தான கத்துக்கின? யார் சொல்லிக் குடுத்தது?"

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. போன மழைக்கும் தெருவில் முழங்கால் தண்ணீர். டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தவனால் திரும்பிப் போக முடியவில்லை. வாசற்கதவு திறந்தேதான் இருந்தது. மழை விடும்வரை புளியங்கொட்டை வைத்துச் சீட்டாடினார்கள். அவ்வளவுதான். மறுநாள் லாசரஸ் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு விசாரித்தபோது அவளுக்குப் பின்னால் தெருக்காரர்கள் நின்றிருந்தார்கள். தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இனி அவள் எதைச் சொன்னாலும் எடுபடாது. கூட ஆடியவன் சொன்னால் எடுபடும்.

அவள் சுந்தர்சிங்கைப் பார்த்தாள்.

அவன் தன் கையிலிருந்த இரண்டு சீட்டையும் பார்த்தான். முதலில் பந்தயம் கட்டியவன் அவன்தான்; நல்ல சீட்டாகத்தான் இருந்திருக்கும்.

சத்தம் போடாமல் அவற்றைப் பாயில் கவிழ்த்து வைத்தான். எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

குடை கதவோரம் சாத்தியபடியே இருந்தது. மழை இன்னும் விட்டிருக்கவில்லை.